இரண்டு முறை செலுத்திய பர்கர்

சனிக்கிழமை மாலை ஏழு மணி. தில்லியில் ஒரு வணிக வளாகத்தின் மேல்தளத்திலுள்ள பர்கர் கடையில் நாம் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். நமக்கு முன்னால் ஒரு குடும்பம்: தந்தை, தாய், இரண்டு குழந்தைகள். மூத்த பெண்ணுக்கு அன்று பிறந்தநாள். இளையவன் உணவோடு தரப்படும் பொம்மைகளைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்தவாறு நின்றான். தந்தை தம் கைப்பேசியால் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து 684 ரூபாயைச் செலுத்தினார். கணக்கிலிருந்து பணம் கழிக்கப்பட்டதாக வங்கியின் குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. ஆனால், கவுன்ட்டரில் இருந்த இளைஞரின் திரையில் எதுவும் தோன்றவில்லை.

“சார், எங்களுக்குப் பணம் வரவில்லை. வேறு வழியில் செலுத்த முடியுமா?”

இளைஞரின் குரலில் மரியாதை இருந்தது. எனினும், பின்னால் நின்ற பதினைந்து பேரின் பொறுமை குறைந்துகொண்டிருந்தது. தந்தை ஒரு கணம் தயங்கினார். மகளின் முகத்தைப் பார்த்தார். பணப்பையிலிருந்து டெபிட் அட்டையை எடுத்து நீட்டினார். முதலில் செலுத்திய 684 ரூபாய் என்னவாயிற்று என்று கேட்க அவருக்கு அவகாசம் இல்லை. கேட்டிருந்தாலும் விடை சொல்ல அங்கு எவருக்கும் நேரமில்லை.

சிறிது நேரத்தில் அடுத்த மேசையில் அமர்ந்திருந்த அவருடன் பேசினோம். “பணம் பெரிதில்லை, குழந்தைகள் முன்னால் பணம் கட்டாதவனைப் போல நின்றதுதான் வருத்தம்” என்றார். இத்தகைய நிலை நம்மில் பலருக்கும் நேர்ந்திருக்கும். அப்போது வாடிக்கையாளரின் கையில் என்ன இருக்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் பணம், பிறகு உணவு

1996 அக்டோபரில் தில்லி வசந்த் விஹார் பகுதியின் பசந்த் லோக் வளாகத்தில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. உலகெங்கும் மாட்டிறைச்சி பர்கரால் பெயர் பெற்ற அந்நிறுவனம், மாட்டிறைச்சியே இல்லாமல் திறந்த முதற்கடை அது. ‘மகாராஜா மேக்’ முதலில் ஆட்டிறைச்சியிலும், பின்னர் கோழி இறைச்சியிலும் தயாரிக்கப்பட்டது. வட இந்தியத் தெருக்களில் விற்கப்படும் ஆலு டிக்கி ரொட்டிக்கு நடுவே ஏறி, மெக்ஆலு டிக்கியாயிற்று. முட்டை சேர்க்காத மயோனைஸ் உருவாக்கப்பட்டது. சைவ, அசைவ உணவுகளுக்குச் சமையற்பகுதிகள் தனித்தனியே பிரிக்கப்பட்டன. பின்னர் பிற பன்னாட்டு நிறுவனங்களும் வந்தன. பர்கர் கிங் 2014 நவம்பரில் தில்லியில் தன் முதல் கடையைத் திறந்தது.

உணவைக் காட்டிலும் பெரிய மாற்றம், அதை வாங்கும் முறையில் நிகழ்ந்தது. நம் உணவகங்களில் பெரும்பாலும் அமர்ந்து, உண்டு, கைகழுவிய பின்னரே பணம் தருவோம். உப்பு கூடினால் சொல்லலாம். ஆறிப்போயிருந்தால் திருப்பி அனுப்பலாம். கடைசிக் கவளம் வரை பணம் நம் சட்டைப்பையில்தான் இருக்கும். பர்கர் கடையிலோ முதலில் பணம், பிறகு உணவு. வரிசை ஒழுங்காக நகர்கிறது. விலைப்பலகை எல்லோருக்கும் ஒன்றே. காத்திருக்கும் நேரமும் குறைவு. இவை வாடிக்கையாளருக்குக் கிடைத்த நன்மைகள். அதே சமயம், உணவைக் காணும் முன்பே பணம் கைமாறிவிடுகிறது. அதற்கு ஈடாக நம் கையில் எஞ்சுவது ரசீது ஒன்றே.

ரசீது காத்த நம்பிக்கை

பணி ஓய்வு பெற்ற ஆசிரியரான வாடிக்கையாளர் ஒருவர் புனேயிலிருந்து தம் அனுபவத்தை நம்மிடம் பகிர்ந்துகொண்டார். வாழ்நாள் முழுதும் சைவ உணவே உண்பவர் அவர். பேரனுடன் பர்கர் கடைக்குச் சென்று காய்கறி பர்கர் வாங்கினார். இரண்டாம் கடியில் சுவை வேறாக இருந்தது. பிரித்துப் பார்த்தபோது உள்ளே கோழி இறைச்சி. பொட்டலம் கட்டும் இடத்தில் இரண்டு பேரின் உணவு மாறிவிட்டிருந்தது.

கடை மேலாளர் முதலில், “நீங்களே மாற்றிக் கேட்டிருக்கலாம்” என்றார். ஆசிரியர் குரலை உயர்த்தவில்லை. ரசீதை மேசைமீது வைத்தார். அதில் ‘வெஜ்’ என்று தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. மேலாளர் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தார். “பணத்தைத் திரும்பப் பெறுவது என் நோக்கமன்று, தவறு நிகழ்ந்தது என எழுதித் தருமாறு கேட்டேன், தந்தார்கள்” என்கிறார் ஆசிரியர். நுகர்வோர் ஆணையங்கள் இத்தகைய தவறுகளைச் சேவைக் குறைபாடாகக் கருதி இழப்பீடு வழங்கியதுண்டு. ரசீதும், உணவு சுற்றிவந்த தாளும், ஒரு புகைப்படமும் இல்லையெனில் அத்தகைய வழக்கை நிறுவுவது கடினம்.

ரசீதில் காண வேண்டியவை

உணவகச் சேவைக்கான ஜிஎஸ்டி 2017 நவம்பர் 15 முதல் பொதுவாக 5 சதவீதம். மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 எனப் பிரித்துக் காட்டப்படும். அதற்கு முன் இது 18 சதவீதம் வரை இருந்தது. வரி குறைந்த வேளையில் அடிப்படை விலையை உயர்த்தியதாக ஒரு பர்கர் நிறுவனத்தின் மீது எழுந்த புகாரை அப்போதைய தேசிய லாபமீட்டல் தடுப்பு ஆணையம் விசாரித்து, 2018 நவம்பரில் நிறுவனத்துக்கு எதிராக ஆணையிட்டது. ஒவ்வொரு ரசீதிலும் சில ரூபாய்தான் வேறுபாடு. ரசீதுகள் பெருகும்போது அது பெருந்தொகையாகிறது.

சேவைக் கட்டணம் என ஒரு வரி ரசீதில் தானாகச் சேர்ந்திருந்தால் அதை நீக்கக் கோரலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாக்கியது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வழங்கும் 14 இலக்க உரிம எண்ணும் ரசீதில் இருத்தல் வேண்டும். உணவின் தரம் குறித்துப் புகார் செய்ய அந்த எண் உதவும்.

கழிந்த பணம் எங்கே?

மீண்டும் அந்தச் சனிக்கிழமை மாலைக்கு வருவோம். கணக்கில் பணம் கழிந்தும் கடைக்கு உறுதிச்செய்தி வராத நிலை இரண்டு வகைப்படும். இரண்டையும் வேறுபடுத்தி அறிவது அவசியம்.

முதல் வகை, பணம் இடைவழியில் நின்றுபோவது. இதற்காக இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. கடைக்கு யுபிஐ மூலமோ, விற்பனைக் கருவியில் அட்டை மூலமோ செலுத்திய தொகை கணக்கில் கழிந்து, கடைக்கு உறுதி கிடைக்கவில்லை எனில், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குள் அத்தொகை தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வாடிக்கையாளர் புகார் செய்யும்வரை காத்திராமல் இந்த இழப்பீடு வழங்கப்பட வேண்டும் என்பதும் விதி.

இரண்டாம் வகை, பணம் உண்மையிலேயே கடையின் கணக்கை அடைந்துவிடுவது. திரையில் மட்டும் தாமதமாகத் தெரியும். அதற்குள் நாம் மீண்டும் செலுத்தியிருந்தால் கடைக்கு இருமுறை பணம் சென்றிருக்கும். இங்கு இரண்டு பரிவர்த்தனைகளும் வெற்றி பெற்றவையாதலால் தானாகத் திரும்பும் விதி பொருந்தாது. கூடுதல் தொகையைக் கடைதான் திருப்பித் தர வேண்டும். அதைக் கேட்டுப் பெற ரசீதும், இரண்டு பரிவர்த்தனைகளின் குறிப்பு எண்களும் இன்றியமையாதவை.

ஆகவே, கவுன்ட்டரில் செய்ய வேண்டியவை சிலவே. செயலியில் ‘நிலுவையில் உள்ளது’ என்று காட்டினால் ஓரிரு நிமிடம் ஒதுங்கி நின்று முடிவைப் பாருங்கள். அடுத்தவருக்கு வழிவிட்டுக் காத்திருப்பது குறையன்று. மீண்டும் செலுத்தியே ஆக வேண்டுமெனில், முதல் பரிவர்த்தனையின் 12 இலக்க யுபிஐ குறிப்பு எண்ணைக் காட்டி, அதை ரசீதின் பின்புறம் எழுதி மேலாளரிடம் கையொப்பம் பெறுங்கள். பின்னர் செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அங்கேயே புகாரைப் பதிவு செய்யுங்கள்.

புகாருக்கு உரிய வாசல்

எச்சரிக்கை ஒன்று. பணம் திரும்ப வரவில்லை என்றதும், கடையின் வாடிக்கையாளர் சேவை எண்ணைப் பலரும் இணையத்தில் தேடுகிறார்கள். மோசடிக்காரர்கள் அங்கே போலி எண்களுடன் காத்திருக்கிறார்கள். “பணம் திரும்ப வர உங்கள் யுபிஐ பின்னை இடுங்கள்” என்பார்கள். பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. பின்னை இட்டால் பணம் போகுமே தவிர, வராது. 684 ரூபாயைத் தேடிச் சென்று சேமிப்பையே இழந்துவிடாதீர்கள். ரசீதிலோ, கடையின் அதிகாரப்பூர்வச் செயலியிலோ உள்ள எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள்.

உணவு, விலை, ரசீது தொடர்பான குறைகளுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீர்வு கிட்டாவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உள்ளது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை எனில் அங்கு புகாருக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். பணப் பரிமாற்றம் தொடர்பான குறையை முதலில் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரைக் கட்டணமின்றி அணுகலாம்.

அன்று மாலை, விடைபெறும் முன் அந்தத் தந்தையிடம் இவற்றையெல்லாம் விளக்கினோம். குப்பைத்தொட்டிக்குச் செல்லவிருந்த தட்டிலிருந்து, சாஸ் படிந்த ரசீதை அவருடைய மகளே தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை காலை அவரிடமிருந்து நமக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. முதல் 684 ரூபாய் அவர் கணக்குக்குத் திரும்பிவிட்டிருந்தது. ரசீதை மகள் தன் பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளோடு சேர்த்துப் பத்திரப்படுத்தியிருப்பதாகவும் அவர் எழுதியிருந்தார்.