மேஜரின் எம்பிஏ ஒத்திகை: பருப்பு மலையேறிய கதை

“துப்பாக்கிக் கதை வேணாம்மா. பருப்பு எப்படி மேல போச்சு, அதைச் சொல்லு.”

நந்தம்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஒரு பக்கம் ராணுவத்திலிருந்து விடைபெறப்போகும் மேஜர். எதிரே அதே படைப்பிரிவில் இருந்துவிட்டு, எம்பிஏ முடித்து, இப்போது ஒரகடம் பக்கம் கிடங்கு நிர்வாகம் பார்க்கும் அவருடைய சீனியர். நடுவில் நாலு பக்க பயோடேட்டா, சிவப்புப் பேனா, ஃபில்டர் காபி. நேர்முகத்தேர்வு ஒத்திகையை ஓரமாக உட்கார்ந்து பார்க்க எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது! மேஜர் இன்னும் பணியில் இருப்பதால் பெயர் மட்டும் எழுதக்கூடாது.

பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்துக்கு நம் ஊரில் அறிமுகம் தேவையில்லை. அங்கிருந்து குறுகிய காலப் பணிக்குப் போகிறவர்களுக்குப் பத்து ஆண்டு; விரும்பினால் மேலும் நாலு. ஓய்வூதியத்துக்கோ இருபது ஆண்டு வேண்டும். ஆக, முப்பதைத் தாண்டிய வயதில் இன்னொரு வாழ்க்கையைத் தொடங்கியே ஆகவேண்டும். 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணிக்கான வழியும் திறந்தது. மேஜரோ வெளியே வருவதையே தேர்ந்தெடுத்திருக்கிறார். விடைபெறும் அதிகாரிகளுக்கென்று ஐஐஎம்களில் ஆறு மாத வகுப்புகள் உண்டு. இவர் குறிவைப்பது அகமதாபாத் ஐஐஎம், ஹைதராபாத் ஐஎஸ்பி போன்ற இடங்களின் முழு ஓராண்டுப் படிப்பு.

எம்பிஏ நுழைவுத் தேர்வான ஜிமேட் பற்றிப் பேச்சு இரண்டே நிமிடம்தான். இரண்டேகால் மணி நேரம், 64 கேள்வி, புதிய வடிவத்தில் ஜியோமெட்ரி கிடையாது. “உட்கார்ந்து போட்டா வந்துரும்,” என்று சீனியர் அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.

சிவப்புப் பேனா வேலையை ஆரம்பித்தது. யூனிட் பெயர் போச்சு. இடத்தின் பெயர் போச்சு. எத்தனை வீரர்கள் என்ற கணக்கும் போச்சு. அதெல்லாம் வெளியே சொல்லக்கூடாதவை. பதக்கம் பற்றிய பத்தி ஒரே வரியானது. நாலு பக்கம் என் கண்ணெதிரே ஒரு பக்கமாகச் சுருங்கியது! கடைசிப் பக்கத்தில் ஒரு மூலையில் ‘குளிர்காலச் சேமிப்புப் பணி’ என்று ஒட்டிக்கொண்டிருந்த அரை வரியைத்தான் சீனியர் வட்டம் போட்டுத் தலைக்குக் கொண்டுபோனார்.

“அது ரொட்டீன் சார். எல்லாரும் செய்யறதுதான்.”

“வெளியில யாரும் செய்யறதில்லம்மா.”

மேஜர் இருந்தது ஏஎஸ்சி, அதாவது ராணுவத்துக்குச் சோறும் எண்ணெயும் கொண்டுசேர்க்கும் படைப்பிரிவு. லடாக்குக்குப் போகும் வழியிலுள்ள ஸோஜி லா கணவாய் சுமார் 11,500 அடி உயரம். பனி கொட்டத் தொடங்கினால் மலைப்பாதைகளை நம்ப முடியாது. மாதக்கணக்கில் தேவைப்படும் அரிசி, பருப்பு, புகாரி அடுப்புக்கான மண்ணெண்ணெய் எல்லாம் கோடையிலேயே மேலே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

“எந்தப் போஸ்டுக்கு முதல்ல அனுப்புவே?”

“தூரத்துல இருக்கிறதுக்குத்தான் சார். அங்கதான் பனி முதல்ல வழியை மூடும். ரோடு முடியற இடத்திலிருந்து கோவேறு கழுதை. அது தூக்குற எடைக்கு மூட்டையைக் கீழேயே பிரிச்சுக் கட்டிடணும். மேல போய்ப் பிரிச்சா விரல் விறைச்சுடும்.”

சீனியர் மேசையில் ஒரு தட்டு தட்டினார். காபி தளும்பியது. “இதைத்தான் கிளாஸ்ல ஒரு டெர்ம் முழுக்கச் சொல்லித் தருவாங்க!”

இந்த இடத்தில் எனக்கு எழுந்து கைதட்டத் தோன்றியது. நல்ல வழிகாட்டி கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தருகிறவர் என்றே நம்பியிருந்தேன். இவர் செய்தது வேறு: பத்து வருஷமாக ஒருவர் சாதாரணம் என்று ஒதுக்கிவைத்ததை எடுத்து, தூசி தட்டி, அவர் கையிலேயே கொடுத்தார். அதே வேலையைத் தானும் செய்தவர் என்பதால்தான் அவருக்கு அந்த அரை வரி கண்ணில் பட்டது.

அடுத்தது கஷ்டமான கேள்வி. “எங்க தோத்தே?”

படையில் யாரும் பயோடேட்டாவில் இதை எழுதுவதில்லை. மேஜர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். ஒரு ஹவில்தார் மண்சரிவு வரும் என்று எச்சரித்திருக்கிறார். இவர் கேட்காமல் லாரிகளை அனுப்பிவிட்டார். வழியில் வண்டிகள் நின்று, உருளைக்கிழங்கு மூட்டைகள் அழுகிப்போயின. மறு வாரத்திலிருந்து வண்டி கிளம்புமுன் அந்த ஹவில்தாரைக் கேட்காமல் இவர் கையெழுத்துப் போட்டதில்லை.

“அந்த ஹவில்தாரை முதல் வரியில வை,” என்றார் சீனியர். “சரி, கடைசிக் கேள்வி. எம்பிஏ எதுக்கு?”

“சொந்தமா ஏதாவது...” என்று தொடங்கிய மேஜர் நிறுத்திக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போது வந்த குரல் பரேடு மைதானக் குரல்!

“எங்க ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம் சார். விலை விழுந்தா தக்காளியை ரோட்டோரமாக் கொட்டுவாங்க, சின்ன வயசிலேருந்து பார்க்கிறேன். அங்க பனி இல்ல, மண்சரிவு இல்ல, மார்க்கெட் வாசல் வரைக்கும் லாரி வருது. அப்புறமும் ஏன் சார் அழுகுது?”