டொமைன் ஏலத்தில் விலையைத் தீர்மானிக்கிறது தோத்தவர்தான்

விருதுநகரில் இருந்து இன்னொரு எபிசோட். இன்னைக்கு டொமைன் பெயர்களை ஆன்லைனில் லைவா ஏலம் விடுறது எப்படின்னு பார்க்கப் போறோம். இது கம்ப்யூட்டர் ஆளுங்க சமாச்சாரம்னு ஒதுக்கிடாதீங்க. சிவகாசியில் பட்டாசுக் கடை வச்சிருக்கிற உங்க மாமா, சித்தப்பாவுக்கும் இதில் பங்கு இருக்கு. அதைக் கடைசியில் சொல்றேன்.

முதலில் அடிப்படை. டொமைனை யாரும் நிலம் மாதிரி கிரயம் பண்ணி வாங்குறது இல்லை. வருஷ வாடகைக்குத்தான் எடுக்கிறோம். டாட் காம் பெயர்னா ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருஷத்துக்குக் கட்டலாம். வாடகை கட்டுற வரைக்கும் பெயர் உங்க கையில். புதுப் பெயருக்குப் பெரிய செலவு கிடையாது. ஆனால் சின்னதா, ஞாபகத்தில் நிக்கிற மாதிரி இருக்கிற பெயரெல்லாம் ஏற்கெனவே யாரோ ஒருத்தர்கிட்ட இருக்கு. அதை அவர்கிட்ட இருந்து வாங்கும்போதுதான் விலை எகிறுது. 2019-ல் வாய்ஸ் டாட் காம் என்ற ஒரே பெயர் 3 கோடி டாலருக்குக் கை மாறியது. அது பேரம் பேசி முடிச்ச விற்பனை. ஏலத்துக்கு உதாரணம் வேணும்னா, 2016-ல் 'டாட் வெப்' என்ற முடிவை நடத்துற உரிமை, உலக அளவில் பெயர்களை நிர்வகிக்கிற ஐகேன் அமைப்பின் ஏலத்தில் 13.5 கோடி டாலருக்குப் போனது.

சரி, ஏன் ஏலம்? விருதுநகர் மார்க்கெட்டில் பருப்பு, எண்ணெய், மிளகாய் வத்தல் எல்லாத்துக்கும் விலை நிலவரம் பேப்பரில் வந்துடும். போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டு ஏற்பாட்டில் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்குது. வியாபாரிகள் சாம்பிளைக் கையில் எடுத்துப் பார்த்து, கம்ப்யூட்டரில் கிலோவுக்கு விலை கேட்பாங்க. அங்கே ஒரு லாட் கைவிட்டுப் போனால் அதே ரகத்தில் அடுத்த லாட் வரும். டொமைனில் அப்படி இல்லை. ஒரு பெயர்னா உலகத்துக்கே ஒண்ணுதான். அதுக்கு நேத்து விலைன்னு எதுவும் கிடையாது. அதனால்தான் பத்துப் பேரைக் கூட்டி வச்சுக் கேட்க வேண்டியிருக்கு.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. ஒரு பெயருக்கு மூணு பேர் போட்டி. முதல் ஆள் 20,000 ரூபாய் வரைக்கும் போவார், ரெண்டாவது ஆள் 60,000, மூணாவது ஆள் 2 லட்சம். ஒவ்வொரு தடவையும் 500 ரூபாய் ஏறுதுன்னு வைங்க. ஏலம் எங்கே நிக்கும்? 60,500 பக்கத்தில். ஜெயிச்சவர் மனசில் 2 லட்சம் இருந்தும், விலையைத் தீர்மானிச்சது தோத்துப்போன ரெண்டாவது ஆள். அவர் அன்னைக்கு வராமல் போயிருந்தால் 20,500-க்கே முடிஞ்சிருக்கும்.

ஏலம் நடத்துறவங்க மனசில் வச்சுக்க வேண்டிய ஒரே விஷயம் இதுதான். தோத்தவர் "நியாயமாத்தான் தோத்தேன்"னு நினைக்கணும், அடுத்த ஏலத்துக்கும் வரணும். மத்த எல்லா ஏற்பாடும் இதுக்காகத்தான்.

முதல் ஏற்பாடு, பட்டியல். ஆயிரம் பெயரைக் கொட்டினால் ஒருத்தரும் முழுசாப் பார்க்க மாட்டாங்க. லைவ் ஏலத்துக்குக் கொஞ்சம் பெயர், ஆனால் நல்ல பெயர். எத்தனை வருஷமா இருக்கு, முன்னாடி அதில் என்ன வெப்சைட் இருந்தது, எப்போ காலாவதி ஆகுது, எல்லாத்தையும் சில நாள் முன்னாடியே வெளியிடணும். ஏலத்தின் நடுவில் யாரும் உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ண முடியாது.

ரெண்டாவது, ரிசர்வ் விலை. அதாவது இதுக்குக் கீழே கொடுக்க மாட்டேன்னு விற்கிறவர் வைக்கிற வரம்பு. எல்லாருக்கும் அவங்கவங்க பெயர் தங்கம்தான். அதை நம்பி வரம்பை மேலே வச்சால் வரிசையாப் பத்துப் பெயர் விலை போகாது. கூட்டம் லாக் அவுட் பண்ணிட்டுப் போயிடும். ஆரம்பத்திலேயே நாலு பெயர் சடசடன்னு விற்கணும். அப்போதான் சூடு பிடிக்கும்.

மூணாவது, டெபாசிட். நம்ம ஊர் டெண்டர், ஏலம் எல்லாத்திலும் முன்பணம் கேட்கிறது சும்மா இல்லை. பணம் கட்டாதவன் எவ்வளவு வேணும்னாலும் கேட்பான், ஜெயிச்சதும் காணாமல் போயிடுவான். அதனால் ஆள் யார்னு சரிபார்த்து, டெபாசிட் வாங்கின பிறகுதான் உள்ளே விடணும்.

நாலாவது, கடிகாரம். இது என் ஏரியா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. சரியா 9 மணிக்கு முடியும்னு வச்சால் எல்லாரும் கடைசி செகண்டில் தட்டுவாங்க. நெட் வேகமா இருக்கிறவன் ஜெயிப்பான். கோடாடி ஏலத்தில் கடைசி 5 நிமிஷத்தில் யாராவது கேட்டால் நேரம் நீண்டுடும். "ஒரு தரம், ரெண்டு தரம்"னு நிறுத்தி நிறுத்திச் சொல்றதும் இதே வேலைதான். கோடில் கவனிக்க வேண்டியது மூணு. உங்க போனில் காட்டுற நேரத்தை நம்பக் கூடாது, சர்வரில் எது முதலில் வந்து சேர்ந்ததோ அதுதான் கணக்கு. ஒரு பெயருக்கு வர்ற எல்லாக் கேள்வியும் ஒரே வரிசையில் நிக்கணும். பதற்றத்தில் ஒருத்தர் பட்டனை ரெண்டு தடவை தட்டினால், அவர் விலையை அவரே ஏத்திக்கிற மாதிரி ஆகக் கூடாது.

அஞ்சாவது, ஏலம் முடிஞ்ச பிறகு. வாங்கினவர் பணத்தை நேராக விற்கிறவருக்கு அனுப்ப மாட்டார். நடுவில் எஸ்க்ரோ, அதாவது ரெண்டு பேருக்கும் பொதுவான ஒரு கணக்கு. பணம் அங்கே வரும், பெயர் மாற்றத்துக்கான ரகசியக் குறியீடு கை மாறும், பெயர் வாங்கினவர் கணக்குக்கு வந்ததும் பணம் விடுவிக்கப்படும்.

இவ்வளவும் சரியா இருந்தும் ஏலம் கெட்டுப் போகும். நம்ம ஊரில் ஏலம் கேட்கிறவங்க தங்களுக்குள் பேசி வச்சு விலையை ஏற விடாமல் பண்றதைச் 'சிண்டிகேட்'னு சொல்வோம். அதுக்கு நேர் எதிரான மோசடி, விற்கிற பக்கத்து ஆளே பொய்யாகக் கேட்டு விலையை ஏத்துறது. ஸ்நாப்நேம்ஸ் என்ற அமெரிக்க டொமைன் ஏல நிறுவனம் 2009-ல் ஒரு அறிவிப்பு விட்டது. அவங்க நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருத்தரே 2005-ல் இருந்து 'ஹால்வாரெஸ்' என்ற பெயரில் ஏலம் கேட்டிருக்கார். மொத்த ஏலங்களில் சுமார் 5 சதவீதத்தில் அவர் கை இருந்தது. பாதிக்கப்பட்டவங்களுக்கு வட்டியோட பணம் திருப்பித் தர நிறுவனம் முன்வந்தது. நம்ம கணக்கில் அந்த 60,000 ரூபாய் ஆள் இருக்காரே, அவர் பொய்யான ஆளா இருந்தால் ஜெயிச்சவர் 40,000 ரூபாய் தெண்டம் கட்டின மாதிரி. அதனால் ஏலம் நடத்துற நிறுவனத்தின் ஊழியர் கேட்கக் கூடாது. ஒவ்வொரு கேள்வியும் அழிக்க முடியாத பதிவாகணும். அதை வெளி ஆள் தணிக்கை பண்ணணும்.

இப்போ சிவகாசிக்கு வருவோம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆன்லைனில் பட்டாசு விற்கத் தடை போட்டது. அதுக்கு அப்புறமும் விலைப்பட்டியல், போன் நம்பர், வாட்ஸ்அப் எல்லாம் வச்சு ஏகப்பட்ட வெப்சைட் ஓடுது. பெயரில் சிவகாசி இருக்கு, பட்டாசு இருக்குன்னு மக்கள் நம்பிடுறாங்க. அந்த நம்பிக்கையை வச்சுத்தான் தீபாவளி சமயத்தில் போலி வெப்சைட்கள் பணம் பறிக்குது.

இதில் டொமைன் ஏலம் எங்கே வருது? சீசனுக்கு முன்னாடி, ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு கடைக்காரர் ஒரு வருஷத்துக்கு டொமைன் எடுக்கிறார்னு வைங்க. அடுத்த வருஷம் சீசன் தொடங்கும்போது அது காலாவதி ஆகும். ஞாபகப்படுத்துற மெயில், எப்பவோ வெப்சைட் பண்ணிக் கொடுத்த பையனோட ஐடிக்குப் போயிருக்கும். காலாவதியான பெயரைப் பல பெரிய ரெஜிஸ்ட்ரார்கள் தங்கள் ஏலத்துக்கே அனுப்பிடுவாங்க. ஏலம் எடுக்கிறவருக்குப் பெயர் மட்டும் போகலை. பழைய வாடிக்கையாளர் சேமிச்சு வச்ச லிங்க், கூகுளில் கிடைச்ச இடம், அந்தப் பெயரில் இருந்த மெயில் ஐடிக்கு வர்ற கடிதம், எல்லாமே போகும். நல்லவர் எடுத்தால் பிழைச்சோம். ஏமாத்துறவன் எடுத்தால் கடையோட பெயரை வச்சே ஏமாத்துவான்.

ஏலம் எடுக்கிறவங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ஏலத்தில் ஜெயிச்சால் டிரேட்மார்க் உரிமை வந்துடாது. சிஃபி வழக்கில் 2004-லேயே உச்ச நீதிமன்றம் டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்கான பாதுகாப்பு உண்டுன்னு சொல்லிட்டது. 'சிவகாசி', 'பட்டாசு' எல்லாம் பொதுவான சொல். பிரபலமான ஒரு பட்டாசு பிராண்டின் பெயரை எடுத்தீங்கன்னா, செலவழிச்ச பணமும் போகும், பெயரும் போகும்.

அதனால் ஒரு வீட்டுப்பாடம். உங்க சொந்தத்தில் யார் கடைக்கு வெப்சைட் இருந்தாலும் இன்னைக்கே மூணு விஷயம் பாருங்க. டொமைன் யார் பெயரில் இருக்கு, மெயில் யார் ஐடிக்கு வருது, ஆட்டோ ரினியூவல் ஆனில் இருக்கா. பட்டாசு வாங்கப் போய்ப் பணம் போயிருந்தால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.