சைக்கிள் சீட்: மெத்தென்று இருந்தால் போதுமா?

(எழுதியவர்: மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர், வேப்பந்தட்டை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது "சைக்கிள் சீட் பற்றி எழுதுகிறேன்" என்றேன். மலர்க் குழுவே சிரித்துவிட்டது. "ரோபோ, எலெக்ட்ரிக் கார்னு எழுதுவேன்னு பார்த்தா, உட்கார்ற சீட்டைப் பத்தி எழுதுறியே!" என்றார் ஒருவர். சிரித்தவர்களில் இரண்டு பேர் அன்று சாயங்காலமே சைக்கிள் ஸ்டாண்டில் என்னைத் தனியாகப் பிடித்து, "எனக்கும் அந்தத் தொந்தரவு இருக்குடா, என்ன பண்றது?" என்று கேட்டார்கள். அவர்களுக்காகவும், கேட்கக் கூச்சப்படும் மற்றவர்களுக்காகவும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என் கதை. பிளஸ் டூ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவன் நான். வேப்பந்தட்டையிலிருந்து எசனை வழியாகப் பெரம்பலூர் வரவேண்டும். போக வர இருபது கிலோமீட்டருக்கு மேல். பஸ் பாஸ் இருக்கிறது. ஆனால் காலை பஸ்ஸில் படியில் நிற்க இடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் வீட்டில் நன்றாகவே இருந்தது. அதை எடுத்து ஓட்ட ஆரம்பித்தேன்.

ஒரு மாதத்தில் பின்புறம் வலி. கடையில் போய் இருப்பதிலேயே தடிமனான ஜெல் கவர் ஒன்று வாங்கி மாட்டினேன். முதல் இரண்டு நாள் சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் எசனை தாண்டும்போதே தொடையிடுக்கு மரத்துப்போக ஆரம்பித்தது. இறங்கி நின்றாலும் கொஞ்ச நேரம் உணர்ச்சியே இல்லை. பயந்துவிட்டேன். வீட்டில் சொல்ல வெட்கம். நண்பர்களிடம் சொன்னால் கேலி செய்வார்களோ என்ற பயம். காய்ச்சல் என்று பொய் சொல்லி ஒரு வாரம் லீவ் போட்டேன். அந்த வாரம்தான் லேத் செய்முறை. அதை ஈடுகட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். படிப்பை விட்டுவிடலாமா என்றுகூட ஒருநாள் தோன்றியது.

கடைசியில் எங்கள் ஊர் சைக்கிள் கடைப் பெரியவர்தான் வண்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மெத்தையில தூங்கலாம், மிதிக்க முடியாது. கவரைக் கழட்டு, சீட்டை ஏத்து." அவர் சொன்னபடி செய்தேன், சரியாயிற்று. ஏன் சரியாயிற்று என்று தேடிப் படித்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

எலும்பில் உட்காரணும்

நம் இடுப்பெலும்பின் அடியில், இரண்டு பக்கமும் ஒவ்வொரு முண்டு இருக்கிறது. கட்டாந்தரையில் உட்கார்ந்தால் உறுத்துமே, அதுதான். உடம்பின் பாரத்தைத் தாங்குவதற்கென்றே அமைந்த இடம் அது. இரண்டு முண்டுகளுக்கும் நடுவே இருப்பது மெல்லிய சதை. அதன் வழியாகத்தான் முக்கியமான நரம்பும் ரத்தக் குழாய்களும் போகின்றன. அந்த இடம் பாரம் தாங்காது.

நல்ல சீட் என்பது முண்டுகளைத் தாங்கி, நடுவை விட்டுவிடும் சீட். அவ்வளவுதான் ரகசியம். சீட் ரொம்ப மெத்தென்று இருந்தால் எலும்பு இரண்டும் உள்ளே அமுங்கிவிடும். நடுவில் இருக்கும் பஞ்சு மேலே எழும்பி மெல்லிய இடத்தை அழுத்தும். என் ஜெல் கவர் செய்த வேலை இதுதான்.

ஒரு சின்னக் கணக்கு

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. முதல் வருடப் பாடம். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் பாரத்தில் 40 கிலோ சீட்டில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் கைக்கும் காலுக்கும். 40 × 9.81 = சுமார் 392 நியூட்டன். இரண்டு முண்டுகளும் சேர்ந்து 20 சதுர செ.மீ. பரப்பில் தொட்டால், ஒரு சதுர செ.மீ.க்கு 19.6 நியூட்டன். பஞ்சு அமுங்கி 60 சதுர செ.மீ. தொட்டால் 6.5 நியூட்டன்தான்.

"அப்போ பஞ்சுதானே நல்லது?" என்று கேட்பீர்கள். நானும் அங்கேதான் ஏமாந்தேன். கூடுதலாகக் கிடைத்த அந்த 40 சதுர செ.மீ. எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி, பாரம் தாங்கக் கூடாத இடத்திலிருந்து. நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம். நம் கணக்கில் ஒரு சதுர செ.மீ.க்கு 0.4 நியூட்டன்தான். 6.5 எங்கே, 0.4 எங்கே! சராசரி குறைந்தால் போதாது, எந்த இடத்தில் அழுத்துகிறது என்பதே முக்கியம்.

அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்களுக்கும் இதே மரத்துப்போகும் தொந்தரவு இருந்தது. அந்நாட்டின் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தார், மூக்கே இல்லாத சீட்டை அவர்களுக்குக் கொடுத்து ஆறு மாதம் ஓட்டச் சொன்னார்கள். நடுப்பகுதியில் அழுத்தமும் குறைந்தது, மரத்துப்போவதும் பெருமளவு குறைந்தது. 2008இல் இந்த ஆய்வு வெளியானது. ஆக, வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. இது நமக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை.

அட்டையை எடுங்கள், அளவெடுங்கள்

செருப்புக்கு அளவு பார்க்கிறோம், சட்டைக்கு அளவு பார்க்கிறோம். சீட்டுக்கு மட்டும் பார்ப்பதில்லை. ஜெராக்ஸ் பேப்பர் வரும் பெட்டி அட்டையில் ஒரு துண்டு வெட்டி, கெட்டியான பெஞ்சில் போடுங்கள். மெல்லிய உடையோடு அதன் மேல் உட்காருங்கள். காலுக்கடியில் ஒரு செங்கல் வைத்து முழங்காலைச் சற்று உயர்த்துங்கள். ஹேண்டில் பிடிக்கிற மாதிரி முன்னால் குனிந்து ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளம் தெரியும். தெரியாவிட்டால் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்துப் பாருங்கள். இரண்டு பள்ளங்களின் மையத்துக்கும் மையத்துக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளங்கள். பெரும்பாலோருக்கு 10 முதல் 14 செ.மீ.க்குள் வரும். எனக்கு 11.8.

அதோடு 2 முதல் 3 செ.மீ. கூட்டினால், ஓரளவு குனிந்து ஓட்டுபவருக்கு வேண்டிய சீட்டின் அகலம் கிடைக்கும். சீட்டின் ஓரம் வளைந்து இறங்குவதால்தான் இந்தக் கூடுதல். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவர் இன்னும் ஒன்றிரண்டு செ.மீ. கூட்டிக்கொள்ளலாம். குண்டானவருக்கு அகல சீட், ஒல்லியானவருக்குக் குறுகிய சீட் என்று கணக்குப் போடாதீர்கள். சதையை வைத்து அளவு இல்லை, எலும்பை வைத்துத்தான் அளவு. பொதுவாகப் பெண்களுக்கு இந்த முண்டுகளின் இடைவெளி சற்று அதிகம். அதனால் அண்ணனின் சைக்கிளை எடுத்து ஓட்டும் தோழிகள், அண்ணனின் சீட்டையும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த வண்டிக்கு எந்த சீட்?

நிமிர்ந்து ஓட்டும் சாதா சைக்கிளில் பாரம் முழுக்கப் பின்னால்தான். அகலமான, அடியில் சுருள் ஸ்பிரிங் உள்ள சீட் அதற்குப் பொருத்தம். பள்ளத்தில் விழும் அதிர்ச்சியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். ஹேண்டில் தாழ்வாக உள்ள வண்டியில் குனியும்போது இடுப்பெலும்பு முன்னால் சாய்கிறது. தொடும் இடமும் குறுகுகிறது. அதற்குக் குறுகலான, ஸ்பிரிங் இல்லாத, கொஞ்சம் கெட்டியான சீட். நடுவில் பள்ளமோ திறப்போ இருந்தால் இன்னும் நல்லது.

தாத்தா காலத்து வண்டிகளில் தோல் சீட்டைப் பார்த்திருப்பீர்கள். முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிய தோல் அது, பஞ்சே கிடையாது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் தோல் வியாபாரம் செய்த புரூக்ஸ் என்பவர் 1882இல் இப்படிப்பட்ட சீட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் கம்பெனியின் தோல் சீட்டுகளை நெடுந்தூரம் போகிறவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். புதிதில் கல்லு மாதிரி இருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் நம் முண்டுகளுக்கு ஏற்பக் குழிந்துகொடுக்கும். மழைதான் அதற்கு எதிரி. நம் பட்ஜெட்டுக்கு அது எட்டாது. ஆனாலும் ஒரு பாடம் உண்டு: சொகுசு பஞ்சில் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது.

கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து வாங்காதீர்கள். கட்டைவிரலா சீட்டில் உட்காரப் போகிறது? முடிந்தால் மாட்டச் சொல்லி, பத்து நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள்.

பாதி வேலை ஸ்பேனரில்

சீட் நல்லதாக இருந்தும் வலித்தால் பொருத்தியதில்தான் கோளாறு.

உயரம்: இரண்டு காலும் தரையில் படவேண்டும் என்று நம்மில் பலர் சீட்டை இறக்கி வைத்திருக்கிறோம். அப்படி வைத்தால் கால் பாரம் தாங்காது. முழுப் பாரமும் சீட்டுக்குப் போகும், முட்டியும் வலிக்கும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1986, 1989, 1990 ஆண்டுகளில் வென்ற கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய கணக்கு ஒன்றும் உண்டு: கவட்டியிலிருந்து தரை வரையுள்ள உயரத்தை 0.883ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 70.6. கிராங்க் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்தத் தூரம் இருக்கவேண்டும். மிதிக்கும்போது இடுப்பு இடம் வலமாக ஆடினால் சீட் அதிக உயரம்; உராய்ந்து புண்ணாகும். ஒரே நாளில் ஏற்றாமல் தினம் அரை செ.மீ. ஏற்றுங்கள். சீட் பில்லரில் உள்ள எல்லைக் கோடு வெளியே தெரியக்கூடாது.

சாய்வு: சீட்டின் மேல் ஒரு நோட்டை வைத்து, அதன்மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சிவில் நண்பர்களிடம் கேட்டால் தருவார்கள். மூக்கு மேலே தூக்கினால் நடுவில் அழுத்தும். அதிகம் இறங்கினால் உடம்பு முன்னால் வழுக்கி, கை வலிக்கும். மட்டமாக வைத்து ஆரம்பியுங்கள்.

முன் பின்: பெடல்கள் தரைக்கு இணையாக இருக்கும்போது, முன்காலின் முட்டிச்சில்லுக்குக் கீழிருந்து தொங்கவிட்ட தூக்குக்குண்டு பெடல் அச்சின் அருகே விழவேண்டும். ஒரு நூலும் ஒரு நட்டும் போதும்.

இவ்வளவும் செய்தாலும், எந்த சீட்டிலும் இடைவிடாமல் உட்காரக் கூடாது. ரத்தம் ஓட வழிவிட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து அரை நிமிடம் நின்று மிதியுங்கள். தடித்த தையல் உள்ள ஜீன்ஸ் நெடுந்தூரத்துக்கு ஆகாது. இதற்குப் பிறகும் மரத்துப்போவது தொடர்ந்தால் வெட்கத்தை விட்டு டாக்டரைப் பாருங்கள்.

இப்போது நான் அதே சைக்கிளில், அதே சாதா சீட்டில்தான் தினமும் வருகிறேன். புதிதாக எதுவும் வாங்கவில்லை. கவரைக் கழட்டினேன், சீட்டை 4 செ.மீ. ஏற்றினேன், மூக்கை மட்டமாக்கினேன். செலவு பூஜ்யம். ஆடி மாத எதிர்க்காற்றில் மூச்சு வாங்கும். ஆனால் மரத்துப்போவது இல்லை. ஒரு வாரம் வகுப்பை இழந்து கற்ற பாடம் இது. நீங்கள் இழக்க வேண்டாம் என்றுதான் எழுதினேன். என் பையில் ஸ்பேனர் எப்போதும் இருக்கும். வேண்டியவர்கள் சாயங்காலம் ஸ்டாண்டுக்கு வாருங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

பயணம் சுகமாக அமைய வாழ்த்துகள்!