ஜாவா அலகுகளின் இறக்குமதிப் பட்டியலும் பதிப்பெல்லையும்

பெரியதொரு செய்நிரல், தனித்தனியே ஆக்கப்பட்ட பல அலகுகள் ஒன்றிணைந்தே தொழிற்படுகின்றது. ஓர் அலகு ஏனையவற்றிடமிருந்து எவற்றைப் பெறுகின்றது என்பதை எங்கே, எவ்வாறு அறிவித்தல் வேண்டும்? ஜாவா மொழியில் இவ்வினாவுக்கு ஓ.எஸ்.ஜி.ஐ. என்னும் நியமம் அளிக்கும் விடையை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது. எக்லிப்ஸ் மென்பொருள், 2004 இல் வெளிவந்த 3.0 ஆம் பதிப்பு முதல், இந்நியமத்தையே தன் அடித்தளமாகக் கொண்டுள்ளது.

இம்முறையில் ஒவ்வோர் அலகும் ஒரு ஜார் கோப்பாகும். அதனுள் மனிபெஸ்ட் எனப்படும் விபரப்பட்டியல் உண்டு. அப்பட்டியலில் 'எக்ஸ்போட்-பக்கேஜ்' என்னுந் தலைப்பு, அலகு பிறவற்றுக்கு வழங்கும் பொதிகளைக் குறிக்கும். 'இம்போட்-பக்கேஜ்' என்னுந் தலைப்பு, அது பிறவற்றிடம் வேண்டும் பொதிகளைக் குறிக்கும். பொதுவாக, அறிவிக்கப்படாத வெளிப்பொதி அதே கணனியில் இருப்பினும் அலகுக்குப் புலப்படாது. 'ஜாவா' என்ற சொல்லுடன் தொடங்கும் மொழியின் அடிப்படைப் பொதிகள் இதற்கு விலக்காகும்.

பொதியின் பெயரை எழுதுதல் எளிது. அதன் பதிப்பெல்லையை வரையறுத்தலே சிந்தனைக்குரியது. பதிப்பெண் தரப்படாவிடின் எப்பதிப்பும் ஏற்கப்படும். '1.2' என்று மட்டும் எழுதின், அது அப்பதிப்பை மாத்திரம் குறிக்குமென எண்ணுதல் தவறாகும்; 1.2 உம் அதற்கு மேற்பட்ட அனைத்தும் மேலெல்லையின்றி ஏற்கப்படும். '[1.2,2.0)' என எழுதும்போது, சதுர அடைப்பு 1.2 ஐ உள்ளடக்க, வளைவடைப்பு 2.0 ஐ விலக்குகின்றது.

பதிப்பெண்ணின் முதலிலக்கம் மாறின், பழைய பயன்பாட்டுக்கு ஒவ்வாத மாற்றம் நிகழ்ந்துள்ளது என்பதும், இரண்டாமிலக்கம் மாறின், பழையன கெடாது புதியன சேர்ந்துள்ளன என்பதும் மரபு. ஆகவே, ஓர் இடைமுகத்தைப் பயன்படுத்த மட்டும் செய்யும் அலகுக்கு '[1.2,2.0)' போதுமானது. அதே இடைமுகத்தை நிறைவேற்றித் தரும் அலகின் நிலை வேறு. இடைமுகத்திற் புதிதாகச் சேரும் செயன்முறை ஒவ்வொன்றும் அதற்கு நிறைவேறாக் கடமையாகிவிடும். எனவே அதற்கு '[1.2,1.3)' என்ற குறுகிய எல்லையே பொருந்தும்.

எல்லை வகுத்தலின் பயன் யாது? பொருந்தும் பொதி கிடைக்காதவிடத்து அலகு தொடக்கத்திலேயே இணைய மறுக்கும், காரணமும் அறிவிக்கப்படும். எல்லை இல்லாவிடின், அலகு ஒவ்வாத பதிப்புடன் இணைந்துவிடும். பின்னர், நீக்கப்பட்ட செயன்முறை ஒன்றை அழைக்கும் வேளையிலேயே செய்நிரல் வழுவுறும். முன்னைய குறையை நிரலாளர் காண்பார். பின்னையதைப் பயனாளரே முதலிற் காண்பார்.

'பிஎன்டி' என்னுங் கருவி, தொகுக்கப்பட்ட வகுப்புக் கோப்புகளை ஆராய்ந்து இறக்குமதிப் பட்டியலைத் தானே எழுதித் தரும். ஆயினும், செய்நிரல் இயங்கும் வேளையில், பெயரை மட்டுங் கொண்டு தேடி அழைக்கப்படும் வகுப்புகள் அதன் ஆய்வுக்கு எப்போதும் அகப்படுவதில்லை. அவற்றின் பொதிகளை நிரலாளரே சேர்த்தல் வேண்டும். எனவே, கருவி எழுதிய பட்டியலாயினும் அதனை ஒருமுறை படித்துப் பார்த்த பின்னரே அலகை வெளியிடுதல் தகும்.