தண்ணீர் புகையைக் கழுவுமோ?

செஞ்சியிலுள்ள ராஜகிரிக் கோட்டை சற்றேறக்குறைய 800 அடி உயரமுடையது. சென்ற விடுமுறையில் நாம் சிலர் அதன்மீது ஏறினோம். எம்முடன் வந்த இளைஞரொருவர் பாதி வழியிலேயே மூச்சு வாங்கி அமர்ந்துவிட்டார். தாம் சிகரெட்டைத் தொடுவதே இல்லையென்றும், நண்பர் விருந்துகளில் எப்போதேனும் உக்கா பிடிப்பதுண்டென்றும், அது தண்ணீரில் வடிகட்டிய புகையாதலின் தீங்கற்றதென்றும் அவர் கூறினார். அவர் களைப்பிற்கு உக்காவே காரணமென்று சொல்ல நாம் துணியோம். செஞ்சிப் படிகள் எவரையும் இளைக்கச் செய்வன. ஆயினும், அவர் கூறிய நியாயம் ஆராயத்தக்கது.

அந்த நியாயம் பழமையானது. 1604-ஆம் ஆண்டளவில் அஸத் பேக் என்பவர் பீஜப்பூரிலிருந்து அக்பர் சபைக்குப் புகையிலையைக் கொணர்ந்தார். (அப்பீஜப்பூராரே 1649-இல் செஞ்சியைக் கைக்கொண்டவர்.) அரண்மனை வைத்தியர் அதனை ஆட்சேபித்தார். புகையை நீரின் வழியே செலுத்தினால் குற்றம் நீங்குமென்று ஹகீம் அபுல் பத் யோசனை கூறினாரென்பது கர்ணபரம்பரை. அவரோ 1589-இலேயே காலஞ்சென்றவர்! கதை பொருந்தாவிடினும் நம்பிக்கை மட்டும் நிலைத்துவிட்டது.

நீர் செய்வதென்ன? புகையைக் குளிர்விக்கின்றது; நிக்கோட்டினில் ஒரு பகுதியைக் கரைக்கின்றது; அவ்வளவே. புகை குமிழிகளாக நீரைக் கடப்பதால், குமிழியின் உள்ளிருப்பது நீரைத் தொடாமலே மேலெழுகின்றது. குளிர்ந்த புகை தொண்டையை உறுத்தாமையால் நெஞ்சாழம் இழுக்கப்படுகின்றது. குறைந்த நிக்கோட்டினை ஈடுசெய்ய, பிடிப்பவர் மேன்மேலும் இழுக்கின்றார். பழச்சுவையும் நறுமணமும் இதற்குத் துணைபோகின்றன.

இதனினுங் கொடியது மேலேயுள்ள கரிநெருப்பு. அதினின்று எழும் கார்பன் மானாக்ஸைடு நீரில் மிகச் சிறிதே கரையும். இரத்தத்திலுள்ள ஹீமோக்ளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்கிற்கு மேற்பட்ட பற்றுடன் அவ்வாயுவைப் பிணித்துக்கொள்ளும். உக்கா பிடித்தவர் தலை சுற்றி மயங்கி விழுந்து வைத்தியசாலை சேர்வது இதனாலேயாம். மயக்கத்தைச் சுகமென்று கருதுவாரும் உளர்!

உலகச் சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட குறிப்பின்படி, சிகரெட் பிடிப்பவர் 8 முதல் 12 முறை இழுக்கின்றார். உக்காவின் முன் 20 முதல் 80 நிமிஷம் அமர்பவரோ 50 முதல் 200 முறை இழுக்கின்றார். ஒரு முறை அமர்வதில் உட்செல்லும் புகை, 100 சிகரெட்டின் புகைக்கும் மேற்படக்கூடும். இது புகையின் கொள்ளளவைப் பற்றிய கணக்கே. நூறு சிகரெட்டின் நஞ்சென்று உரைப்பது மிகை. எனினும், புற்றுநோய், இருதயநோய் ஆகியவற்றிற்கு ஏதுவான பொருள்கள் அப்புகையில் உள. ஒரே குழாயைப் பலர் வாயில் வைப்பதால் க்ஷயம் முதலிய தொற்றுநோய்கள் பரவவும் இடமுண்டு.

தமிழ்நாட்டுச் சட்டசபை 2022-இல் உக்கா விடுதிகளைத் தடுக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. 2023-இல் குடியரசுத் தலைவரின் இசைவு கிடைத்தது. விடுதி நடத்துவோர்க்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறையும், 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வீடுகளில் நிகழும் விருந்துகளை அச்சட்டம் எட்டுவது அரிது.

இவற்றையெல்லாம் கேட்டிருந்த இளைஞர், மலையிறங்குங்கால், “புகையிலை சேராத மூலிகை உக்காவாயின்?” என்று வினவினார். நிக்கோட்டின் இராது, மூலிகை எரியினும் புகை புகையே, மேலே கரிநெருப்பும் இருக்கின்றதன்றோ என்றோம்.