அன்றாட வாழ்வில் ஆக்கத்திறன்

ஆக்கத்திறன் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோர்க்குக் கவிஞரும் ஓவியரும் இசைவாணருமே நினைவுக்கு வருகின்றனர். “அஃது இறைவன் ஒருசிலர்க்கு அளித்த வரம், காலை எட்டு மணி வண்டியைப் பிடித்துச் சென்று, இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் நமக்கு அதில் என்ன பங்கு?” என்று கூறி நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். இவ்வாறு ஒதுங்குவதால் நேரும் இழப்பு சிறிதன்று. அதிலும், பிறந்த ஊரை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் குடியிருக்கும் நம் போன்ற குடும்பங்களுக்கு அவ்விழப்பு இருமடங்காகும். ஊரில் திண்ணையும் திருவிழாவும் உற்றார் உறவினரும் மனத்துக்கு ஓயாமல் வேலை கொடுத்தனர். இங்கோ, உழைப்பு, பயணம், உறக்கம் என்ற மூன்றுக்குள் நாள் முடிந்துவிடுகிறது. எஞ்சிய சிறு பொழுதையும் கைப்பேசி வாங்கிக்கொள்கிறது. மனம் பிறர் ஆக்கியதைப் பார்த்துப் பார்த்துத் தான் ஆக்குவதை மறந்துவிடுகிறது.

ஆக்கத்திறன் என்பது யாது? இருப்பதைக் கொண்டு இல்லாத ஒன்றை உண்டாக்குதல். நேற்றுச் செய்ததையே இன்று ஒரு சிறு மாற்றத்துடன் செய்து பார்த்தல். இவ்வளவே. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று நம் முன்னோர் கூறியதும் இதனையே. அவ்வல்லமை பழக்கத்தால் வருவது. அதனை வீட்டிலும் தொழிலிலும் வளர்த்துக்கொள்ளும் வழிகள் சிலவற்றை இங்கே ஆராய்வோம்.

இரு வழி அறிந்தவர்

முதற்கண் ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். வெளி மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பம் ஆக்கத்திறனை ஏற்கெனவே நாள்தோறும் கையாண்டு வருகிறது. தில்லியில் தை மாதக் குளிரில் இரவு வெப்பநிலை பல நாள் 10 பாகைக்கும் கீழே இறங்கிவிடும். இட்லி மாவு நன்கு புளித்துப் பொங்குவதற்கோ ஏறத்தாழ 30 பாகை வெப்பம் வேண்டும். நம் பெண்மணிகள் என்ன செய்தனர்? மாவுப் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றினர். அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தனர். வெந்தயத்தைச் சற்றுக் கூட்டி அரைத்தனர். கொல்கத்தாவுக்குக் குடிவந்தவர்கள் அங்குள்ள பட்டோல் காயைக் கூட்டுக்கும் பொரியலுக்கும் பழக்கினர். இவற்றை எந்த நூலும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

ஒரே ஊரில், ஒரே வழக்கத்தில் வாழ்பவனுக்கு ஒரு காரியத்தைச் செய்ய ஒரு வழிதான் உண்டு என்று தோன்றுவது இயல்பு. இரண்டு ஊர்களின் வழக்கத்தை அறிந்தவனுக்கோ, இரண்டு வழிகள் இருக்குமானால் மூன்றாவதும் இருக்கலாம் என்ற எண்ணம் எளிதில் உதிக்கும். வேற்றூர் வாழ்க்கை நமக்குத் தந்துள்ள பெருஞ்செல்வம் இது. சமையலறையில் தேவை நெருக்கியபோது தோன்றிய இத்திறனை, நெருக்கடி இல்லாத பிற இடங்களுக்கும் கொண்டு செல்வதே நாம் செய்ய வேண்டுவது.

நாளில் ஒரு சிறு பகுதி

“நேரம் இல்லை” என்பதே நாம் முதலில் கூறும் தடை. இதற்கு விடையாக நிற்பவர் சர் சி. வி. இராமன். 1907-ஆம் ஆண்டில் அரசாங்க நிதித் துறை அலுவலராகக் கல்கத்தா சென்றபோது அவருக்கு வயது 18. நம்மைப் போல் பிழைப்புக்காக ஊர் விட்டுச் சென்றவர்தாம் அவரும். அங்கே பௌபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய அறிவியல் கழகம் அவர் கண்ணில் பட்டது. அன்று முதல், காலையில் அலுவலகம் செல்லுமுன் அங்கே ஆராய்ச்சி. மாலையில் அலுவலகம் விட்டபின் மீண்டும் ஆராய்ச்சி. இடையில் இரங்கூனிலும் நாகபுரியிலும் பணியாற்ற நேர்ந்த காலம் போக, 1917-இல் பல்கலைக் கழகப் பேராசிரியராகும் வரை இவ்வாறே உழைத்தார்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள்களும் நாம் கருதத் தக்கவை. வயலின், வீணை, மிருதங்கம், தபலா ஆகியவற்றின் ஒலியை அவர் ஆராய்ந்தார். பல பறைகள் வெறும் முழக்கம் எழுப்ப, மிருதங்கம் சுருதியோடு இசைப்பது எதனால்? தோலின் நடுவே அப்பிய கரிய பூச்சு, அதன் அதிர்வுகளை ஒன்றோடொன்று இசையுமாறு ஒழுங்குபடுத்துகிறது என்று அவர் காட்டினார். கச்சேரியில் நாம் அனைவரும் கேட்டுத் தலையசைத்த நாதந்தான் அது. அவரோ தலையசைத்ததோடு நில்லாமல் ‘ஏன்?’ என்று வினவினார். 1921-இல் கப்பலில் செல்கையில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டும் அவ்வாறே வினவினார். அவ்வினாவைத் தொடர்ந்து சென்ற ஆராய்ச்சியே 1928-இல் இராமன் விளைவாகவும், 1930-இல் நோபெல் பரிசாகவும் மலர்ந்தது.

நாம் எல்லோரும் இராமன் ஆகிவிட முடியாது. ஆயினும் அவரிடம் கற்க வேண்டிய பழக்கங்கள் இரண்டு உண்டு. ஒன்று, நாளில் ஒரு குறித்த பொழுதை, அது கால்மணி நேரமேயாயினும், நமக்கென்று ஒதுக்குதல். எப்பொழுது ஒழிகிறதோ அப்பொழுது செய்யலாம் என்றால் அப்பொழுது வருவதேயில்லை. மற்றொன்று, சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு ‘ஏன்’ எழுதுதல். முப்பது நாள் கழித்துப் புரட்டிப் பார்த்தால் மனம் எதை நாடுகிறது என்பது விளங்கும். அதுவே உங்கள் துறை.

கையில் கிடைத்த பொருள்

இரண்டாவது தடை பொருள். வண்ணமும் கருவியும் வாங்கிய பிறகே தொடங்க வேண்டும் என்று பலர் காத்திருக்கின்றனர். சண்டிகர் சென்றவர்கள் அங்குள்ள கல் தோட்டத்தைக் கண்டிருப்பர். அதனை உண்டாக்கிய நேக் சந்த் ஒரு சாலை ஆய்வாளர். 1947-இல் நாடு பிரிந்தபோது, இன்று பாகிஸ்தானில் உள்ள தம் ஊரை விட்டு வந்தவர். புதிய நகர் எழுப்புவதற்காக இடிக்கப்பட்ட ஊர்களின் சிதைவுகளும், உடைந்த வளையல்களும், பீங்கான் துண்டுகளும் எங்கும் இறைந்து கிடந்தன. 1957-ஆம் ஆண்டளவில் அவர் வேலை முடிந்த பின் அவற்றைத் தம் மிதிவண்டியில் ஏற்றிச் சென்று, காட்டினுள்ளே ஒருவரும் அறியாமல் சிலைகளாக ஆக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 18 ஆண்டுகளுக்குப் பின்னரே அதிகாரிகள் அதனைக் கண்டனர். அனுமதியின்றி எழுந்த அதனை இடித்துத் தள்ளாமல் 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தனர். குப்பை என்று ஊரே கைவிட்டதில் அவர் ஓர் உலகத்தைக் கண்டார்.

வங்கத்துப் பெண்கள் நெடுங்காலமாகச் செய்து வரும் காந்தா வேலையும் இத்தகையதே. பழம்புடைவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, அப்புடைவைக் கரைகளிலிருந்தே உருவிய நூலால் தைத்து, போர்வையாகவும் விரிப்பாகவும் ஆக்கினர். மிக எளிய ஓட்டுத் தையலிலேயே பூவும் மீனும் தேரும் எழுந்தன. நம் வீட்டிலும் கிழிந்த சுங்குடிப் புடைவையும், சாயம் போன வேட்டியும், வெற்றுப் புட்டியும், திருமண அழைப்பிதழ்களும் உண்டு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் எதுவும் வாங்காமல், வீட்டில் உள்ளதைக் கொண்டு ஒரு பொருள் செய்வது என்று குடும்பத்தோடு உறுதி செய்துகொள்ளுங்கள். முதலில் செய்தது அழகாக இராது. இராவிட்டால் என்ன? கை பழகப் பழக அழகு தானே வரும்.

கட்டுக்குள் விரியும் கற்பனை

கற்பனைக்குக் கட்டற்ற விடுதலை வேண்டும் என்பர் சிலர். நம் கோலம் அதனை மறுக்கிறது. புள்ளிகளின் எண்ணிக்கை குறித்தது. கோடு புள்ளியைச் சுற்றிச் செல்ல வேண்டும். தொடங்கிய இடத்தில் வந்து முடிய வேண்டும். இத்துணைக் கட்டுப்பாடுகளுக்குள்ளேதான் நம் பாட்டிமார் எண்ணற்ற வடிவங்களைக் கண்டனர். 1970-களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி முதலியோர் கோலங்களில் அமைந்த விதிகளை ஆராய்ந்து, அவற்றை மொழியின் இலக்கணத்தைப் போன்ற ஓர் இலக்கணமாக வகுத்துக் காட்டினர். வாசலில் விடியற்காலையில் இட்டு மாலைக்குள் அழிந்துபோகும் ஒன்று, கணினியியலார் கருத்தைக் கவர்ந்தது.

அடுக்குமாடியில் வாசல் இரண்டு சாண் அகலமே இருக்கலாம். ஒரு கற்பலகையோ கரும்பலகையோ போதும். ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்து, மூன்று வேறு கோலங்கள் போடுமாறு பிள்ளைகளிடம் கூறுங்கள். முதல் கோலம் தெரிந்ததாக இருக்கும். இரண்டாவது சற்றே மாறும். மூன்றாவதில்தான் சிந்தனை தொடங்கும். எந்தப் பணியிலும் இவ்வாறு எல்லை வகுத்துக்கொள்ளலாம். மூன்றே பொருள்களில் ஒரு பலகாரம். பத்தே வரியில் ஒரு கடிதம். எல்லை சுருங்கும்போது மனம் ஆழமாகத் தோண்டுகிறது.

அயலவர் தொழிலில் ஒரு கண்

கால் இழந்தோர்க்கு முன்னாளில் மேனாட்டு முறையில் செய்த செயற்கைப் பாதங்கள் விறைப்பாக இருந்தன. அவற்றை அணிந்து சம்மணமிட்டு உட்காரவோ, குந்தவோ, வயற்சேற்றில் நடக்கவோ இயலாது. இக்குறையைத் தீர்த்தது 1960-களின் இறுதியில் உருவான ஜெய்ப்பூர்ப் பாதம். அதனை அமைத்தவர்களுள் ஒருவர் மருத்துவர் பி. கே. சேத்தி, மற்றொருவர் இராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர். மிதிவண்டிச் சக்கரத்துக்கு ரப்பர் ஒட்டிப் பழுதுபார்ப்பதைக் கண்டே சர்மாவுக்கு ரப்பர்ப் பாதம் என்னும் எண்ணம் தோன்றிற்று என்பர். மருத்துவமனையில் கிடைக்காத விடை மிதிவண்டிக் கடையில் இருந்தது.

ஆதலின், வாரம் ஒருமுறையேனும் நம் தொழிலுக்குத் தொடர்பில்லாத ஒருவர் வேலை செய்வதை நின்று பாருங்கள். தையற்காரர் துணியை வீணாக்காமல் வெட்டும் முறையில் கணக்கருக்கும் பாடம் உண்டு. பூக்காரி கூடையை அடுக்கும் ஒழுங்கில் இல்லத்தரசிக்கும் பாடம் உண்டு. அண்டை வீட்டு மராட்டியரிடமோ வங்காளியரிடமோ ஒரு கைத்தொழிலைக் கேட்டுப் பழகினால் நட்பும் உடன் வளரும்.

அலுவலகத்திலும் ஆகும்

மேலதிகாரி சொன்னதைச் செய்யும் இடத்தில் புதுமைக்கு இடம் ஏது என்று கேட்கலாம். மும்பையில் 1890-ஆம் ஆண்டளவில் தோன்றிய சோற்று டப்பாக்காரர் கூட்டத்தைப் பாருங்கள். அவர்களுள் எழுத்தறியாதார் பலர் இருந்தனர். ஒரு டப்பா பல கை மாறி, புகைவண்டி ஏறி இறங்கி, உரிய மேசையைச் சென்றடைய வேண்டும். முழு முகவரியும் எழுதவில்லை, படிக்கவும் தேவையில்லை. வண்ணங்களும் எண்களும் சில எழுத்துகளும் டப்பாவின் மூடிமீது இருந்தால் போதும். எந்த நிலையம், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்பது தெரிந்துவிடும். எதைச் சேர்க்கலாம் என்று எண்ணுவதைவிட, எதை நீக்கலாம் என்று எண்ணியதே அவர்களது ஆக்கத்திறன்.

நாமும் நாள்தோறும் செய்யும் ஒரு வேலையைத் தேர்ந்து, அதன் படிகளை வரிசையாக எழுதி, “இவற்றுள் எது இல்லாமலே காரியம் நடக்கும்?” என்று வினவலாம். அவ்வாறு கண்ட ஒரு சிறு திருத்தத்தை ஒரு வாரம் நாமே செய்து பார்த்து, பயன் கண்ட பின் மேலதிகாரியிடம் கூறுவது நலம். சோதித்துப் பார்த்த யோசனைக்கு மதிப்பு மிகுதி.

வீட்டில் தமிழ்

இறுதியாக, நம் அனைவர்க்கும் கவலை தருவதொன்று. நம் பிள்ளைகள் பள்ளியில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியும் பேசுகின்றனர். தமிழை வீட்டில் கேட்டுப் புரிந்துகொள்கின்றனர். விடையை வேறு மொழியில் தருகின்றனர். “தமிழில் பேசு” என்று அதட்டுவதால் இது மாறாது. ஒரு மொழியில் குழந்தை ஏதேனும் ஒன்றை ஆக்கினால் அம்மொழி அதற்குச் சொந்தமாகிறது; பிறர் ஆக்கியதை ஒப்பித்தால் அது பாடமாகவே நின்றுவிடுகிறது.

எனவே, இரவு உணவுக்குப் பின் மூன்று சொற்கள் கொடுத்து அவற்றை வைத்து ஒரு கதை கட்டச் சொல்லுங்கள். குடை, யானை, மின்தூக்கி என்று எவையேனும் ஆகுக. இலக்கணப் பிழையை அப்பொழுது திருத்தாதீர்கள், கதை ஓடட்டும். ஊரிலிருந்து வந்து, பேச்சுத் துணையின்றித் தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கும் தாத்தாவும் பாட்டியும் அக்கதையைத் தொடரட்டும். பெயரன் விட்ட இடத்தில் பாட்டி எடுப்பதும், பாட்டி விட்ட இடத்தில் பெயர்த்தி எடுப்பதுமாக ஒரு கதை வளரும்போது, முதியவர்க்கு வேலையும் சிறியவர்க்கு மொழியும் ஒருங்கே கிடைக்கின்றன. அதனை ஒருவர் எழுதி வைத்தால் ஆண்டு முடிவில் அக்குடும்பத்துக்கென்று ஒரு கதைப் புத்தகம் சேர்ந்துவிடும்.

அன்பர்களே! இங்கே கூறியவற்றுள் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. பிறவி மேதையும் தேவையில்லை. கால்மணி நேரமும், ஒரு குறிப்பேடும், முதல் முயற்சி கோணலாக வந்தாலும் சிரித்துக்கொண்டு மீண்டும் தொடங்கும் மனமும் போதும். இவற்றுள் ஏதேனும் ஒன்றை இம்மாதமே தொடங்குங்கள். நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் செய்த ஒரு பொருளையோ, பிள்ளைகள் கட்டிய ஒரு கதையையோ உடன் கொண்டு வாருங்கள். ஒருவர் ஆக்கியதைக் கண்டு மற்றொருவர்க்கு ஊக்கம் பிறக்கட்டும்.