ஸ்பார்க்கும் இல்லை, பிளாஸ்மாவும் இல்லை!

எங்கள் திசையன்விளைப் பக்கம் போர் போட லாரி வந்தால் சின்ன வயசில் வேடிக்கை பார்க்க ஓடுவோம். பாறையைக் குடையும் பிட்டின் முகத்தில் பட்டன் பட்டனாய் ஏதோ பதித்திருக்கும். அது டங்ஸ்டன் கார்பைடு என்று டிப்ளமோவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. லேத்தில் நாம் மாட்டும் கார்பைடு டிப்பும் அதே சாதிதான்.

இதை யாரும் உருக்கி வார்ப்பதில்லை. உருக்க 2700 டிகிரிக்கு மேல் வேண்டும். எனவே கார்பைடு தூளோடு கொஞ்சம் கோபால்ட் தூளைக் கலந்து, அழுத்தி, ஃபர்னஸில் சுமார் 1400 டிகிரியில் சுட்டு ஒட்ட வைக்கிறார்கள். இதற்குப் பெயர் சின்டரிங்.

இதில் ஒரு சங்கடம். ஃபர்னஸ் சூடு வெளியிலிருந்து மெதுவாக உள்ளே போக வேண்டும். மணிக்கணக்கில் சூட்டில் கிடந்தால் துகளின் கிரெய்ன் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடும். கிரெய்ன் பருத்தால் கடினம் குறையும். பால் மில்லில் பாடுபட்டு மையாக அரைத்ததெல்லாம் வீண்!

இங்கேதான் ஸ்பார்க் பிளாஸ்மா சின்டரிங் வருகிறது. 1960-களில் ஜப்பானில் இனோவே என்பவர் இதற்குப் பேட்டன்ட் வாங்கினார். கிராஃபைட் டையில் தூளைப் போட்டு, மேலும் கீழும் கிராஃபைட் பன்ச்சால் அழுத்துவார்கள். அழுத்தம் பெரும்பாலும் 50 மெகாபாஸ்கல் அளவு. சுற்றிலும் வேக்வம், அல்லது ஆர்கான். பன்ச் வழியாகவே டி.சி. மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக விடுவார்கள். வோல்டேஜ் சில வோல்ட்தான். கரன்ட்டோ ஆயிரக்கணக்கான ஆம்பியர்! புட்டுக்குழலில் ஆவி மாவுக்குள்ளேயே புகுந்து ஏறுகிற மாதிரி, சூடு உள்ளேயே பிறக்கிறது. நிமிஷத்துக்கு 100 டிகிரி ஏறுவது சாதாரணம். உச்சச் சூட்டில் ஐந்து நிமிஷம் வைத்தாலே பல தூள்கள் கெட்டிப்பட்டுவிடும். கிரெய்னுக்குப் பருக்க நேரமில்லை.

நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பி.எஸ். மூர்த்தி, கொட்டாடா குழுவினர் நிக்கல், கோபால்ட், குரோமியம், தாமிரம், இரும்பு ஐந்தையும் மில்லில் அரைத்துக் கலப்புலோகமாக்கி, இம்முறையில் கட்டியாக்கினார்கள். அந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. ஐதராபாத்தில் 1997-இல் ஏற்பட்ட ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையத்திலும் இந்த மெஷின் உண்டு.

சரி, பெயருக்கு வருவோம். வைவாவில் நான், "துகள்களுக்கு நடுவே ஸ்பார்க் பறந்து பிளாஸ்மா உண்டாகி..." என்று ஒப்பித்தேன். எக்ஸ்டர்னல் ஒரே கேள்விதான் கேட்டார்: "யாரு தம்பி பாத்தா?" முழித்தேன். மார்க்கும் போச்சு.

அப்புறம் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஹல்பர்ட் குழுவினர் பல தூள்களை வைத்துப் பிளாஸ்மாவைத் தேடிப் பார்த்து, அப்படி எதுவும் தென்படவில்லை என்று 2008-இல் எழுதிவிட்டார்கள். யோசித்தால் நமக்கே விளங்கும். அலுமினா தூள் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனாலும் இந்த மெஷினில் நன்றாகக் கெட்டிப்படுகிறது. எப்படி? கரன்ட் டை வழியாகப் போய் டையைச் சூடாக்குகிறது, அந்தச் சூடு தூளுக்கு இறங்குகிறது. அயர்ன் பாக்ஸ் சுடுகிற அதே ஜூல் சூடுதான். கூடவே அழுத்தமும் வேகமும். வேலை செய்வது இந்த மூன்றும்தான்.

குறையும் உண்டு. பைரோமீட்டர் பெரும்பாலும் டையின் சூட்டைத்தான் சொல்லும், உள்ளே தூளின் சூடு வேறாக இருக்கலாம். துண்டு பெரிசானால் நடுவுக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம் கூடும். தட்டு, உருளை என்று எளிய வடிவங்களே சுலபம். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு துண்டுதான் வரும். ஃபர்னஸிலோ தட்டுத் தட்டாய் அடுக்கிச் சுடலாம். அதனால் எங்கள் ஊர் போர் பிட்டில் இருக்கும் பட்டன் இன்னமும் ஃபர்னஸ் பிள்ளைதான்.

- மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு